கணினிப் பட்டப்படிப்பும் எமது பிள்ளைகளும்

சென்ற காலபோக விதைப்புக்கு முன்னர், விதைநெல் பகிர்வது பற்றிப் பேசுவதற்காக ஒரு குடியிருப்பில் கூடியிருந்தோம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பின்னர் ஒரு தாய் மட்டும் தயங்கி நின்றார். "எங்கட பெடியன் கொம்பியூட்டர் டிகிரி படிக்கப் போறன் எண்டு நிக்கிறான். ரவுணிலை ஒரு இடத்திலை எட்டு இலட்சம் கேக்கினம். என்ர கொடியை அடைவு வைச்சாலும் காணாது. காணியை ஈடு வைக்கட்டோ?" என்று கேட்டார்.

அந்தக் காணி இரண்டு ஏக்கர். அந்தக் குடும்பம் மூன்று தடவை இடம்பெயர்ந்தது. காணி பல வருடங்கள் பற்றைக்காடாய்க் கிடந்தது. வெடிபொருட்கள் அகற்றப்பட்டு, எல்லைக் கல் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் அதிலே மீண்டும் கலப்பை வைத்து ஒரு சில போகங்களே ஆகின்றன.

அன்று நாம் அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. "படிப்புக்குச் செய்யும் செலவு வீண்போகாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அது பொறுப்பற்ற பதில் என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அந்தத் தாய் தனியாள் அல்லர். இடம்பெயர்ந்து வாழும் எத்தனையோ குடும்பங்களில் இதே கேள்வி இரவுச் சாப்பாட்டுடன் பேசப்படுகின்றது. எனவே எமது பதிலை இங்கே சற்று விரிவாகத் தருகின்றோம்.

எமது கருத்து இதுதான். பிள்ளைக்கு விருப்பமும் கணிதத்திலே நாட்டமும் இருந்தால், மகனோ மகளோ, கட்டாயம் கணினி விஞ்ஞானம் படிக்கட்டும். ஆனால் அதற்காகக் காணியைத் தொட வேண்டாம். அந்தப் படிப்புக்கு முதலாக வேண்டியது காணி விற்ற காசு அன்று. சிறு வயதிலிருந்து சேர்த்த கணிதமும் ஆங்கிலமும் பொறுமையுமே.

அந்தப் படிப்பு எத்தகையது?

கணினிப் பட்டம் என்றதும் எம்மில் பலருக்கு மேசையில் இருக்கும் இயந்திரமும் அதன் பொத்தான்களைத் தட்டும் விரல்களுமே நினைவுக்கு வருகின்றன. கடிதம் தட்டெழுதுவது, படம் திருத்துவது, கைத்தொலைபேசி பழுதுபார்ப்பது ஆகியவற்றை ஆறு மாதத்தில் பழகலாம். அவையும் சோறு போடும் தொழில்களே. அவற்றை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்தில் மூன்று நான்கு வருடங்கள் படிப்பிப்பது அதுவன்று.

ஓர் உதாரணம் சொல்கின்றோம். நிவாரணத்துக்காக வரிசையில் நின்ற காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆயிரம் குடும்ப அட்டைகள் ஒழுங்கின்றிக் குவிந்திருக்கும். உங்கள் அட்டையைத் தேடி எழுதுவினைஞர் ஒவ்வொன்றாகப் புரட்டுவார். உங்கள் அதிர்ஷ்டம் கெட்டால் ஆயிரமாவது அட்டை உங்களுடையதாக இருக்கும். அதே அட்டைகளை இலக்க ஒழுங்கில் அடுக்கி வைத்திருந்தால் என்ன செய்யலாம்? நடு அட்டையை எடுத்துப் பார்க்கலாம். உங்கள் இலக்கம் அதைவிடச் சிறிதாயின் மேற்பாதியை முழுதாக ஒதுக்கிவிடலாம். மீதிப் பாதியின் நடுவைப் பார்க்கலாம். இப்படியே பாதி பாதியாய் ஒதுக்கினால் ஆயிரம் அட்டைகளுள் உங்களுடையதைப் பத்துத் தடவை பார்ப்பதற்குள் கண்டுபிடித்துவிடலாம். பத்து இலட்சம் அட்டைகள் இருந்தாலும் இருபது தடவை போதும்.

இங்கே இயந்திரம் எதுவும் இல்லை. ஒழுங்கும் கணக்கும் மட்டுமே உண்டு. இப்படிப்பட்ட செய்முறையை அல்கோரிதம் என்பர். எந்தச் செய்முறை விரைவானது, அது எப்போதும் சரியான விடையைத் தருமா, அதை எப்படி நிறுவுவது என்பவைதான் கணினி விஞ்ஞானத்தின் நடுப்பகுதி. ஒல்லாந்து நாட்டவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை 1956இல் ஒரு கோப்பிக் கடையில் இருந்தபடி, தாளும் பென்சிலும் இல்லாமல் மனத்திலே ஆக்கினார். 1959இல் அதை வெளியிட்டார். வழிகாட்டும் கணினிகளுக்கு அந்த முறை இன்றும் அடிப்படையாக இருக்கின்றது.

மற்றப் பாடங்களும் எமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. சிறுபோகத்தில் குளத்து நீர் குறைவாக இருக்கும்போது வாய்க்கால் வாய்க்காலாக முறைவைத்துத் தண்ணீர் விடுகின்றோம். ஒருவருடைய வயலுக்கே எல்லா நீரும் போகக்கூடாது. கடைசி வயலும் காயக்கூடாது. கணினிக்குள்ளும் ஒரே நேரத்தில் பல வேலைகள் காத்து நிற்கின்றன. அவற்றுக்கு முறைவைத்து நேரம் பகிர்ந்து கொடுப்பது பணிசெயல் முறைமை என்னும் பாடம். வட்டவிதானையார் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கின்றது.

இன்னொரு பாடம் தரவுத்தளம். இதைப் பற்றி எமது மக்களுக்குத் தெரிந்ததுபோல் வேறு எவருக்கும் தெரியாது. ஒரே குடும்பத்தின் பெயர் ஒரு பதிவேட்டில் ஒரு விதமாகவும், இன்னொன்றில் வேறு எழுத்துக்களுடனும், மூன்றாவதில் ஓர் அங்கத்தவர் குறைவாகவும் இருக்கும். அந்த ஓர் எழுத்துக்காக நிவாரணம் நின்றுபோனவர்கள், காணி உறுதிக்காக வருடக்கணக்கில் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் எம்மிடையே இருக்கின்றனர். ஒரு விபரம் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட வேண்டும், வேண்டிய மற்றெல்லா இடங்களும் அந்த ஓரிடத்தையே பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒழுங்குபட வளர்த்தவர் எட்கர் கொட் என்னும் கணித அறிஞர். அவர் அதை 1970இல் எழுதினார். அதை எமது பிள்ளைகள் முதன்முறை படிக்கும்போது, புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். பதிவேட்டில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமற் போகலாம் என்பதே அது.

இவற்றுடன் தருக்கம், தொடைகள், நிகழ்தகவு, கணினியின் உள்ளமைப்பு, வலையமைப்பு, செய்நிரல் எழுதுதல், இறுதியில் ஒரு செயற்றிட்டம் என்பனவும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் கணிதம் இருக்கின்றது.

முன்கூட்டியே சேர்க்க வேண்டிய முதல்

அப்படியாயின் இந்தப் படிப்பு உயர்தரம் எழுதிய பின்னர் தொடங்குவதன்று. ஆறாம் ஏழாம் ஆண்டிலேயே தொடங்குகின்றது. எமது பிள்ளைகளின் இடர்ப்பாடும் அங்கேதான் இருக்கின்றது. இடம்பெயர்ந்து பாடசாலை மாறிய பிள்ளை ஒன்றுக்குப் பின்னம் படிப்பித்த மாதம் தவறிப் போயிருக்கும். இன்னொன்றுக்கு அட்சரகணிதம் தொடங்கிய தவணை மரத்தின் கீழே கழிந்திருக்கும். தவறிய பாடம் தவறியபடியே இருக்க, வகுப்பேற்றம் மட்டும் நடந்துவிடுகின்றது. பின்னர் பத்தாம் ஆண்டில் "இவனுக்குக் கணக்கு ஓடாது" என்று முடிவு கட்டுகின்றோம். பிள்ளையின் மூளையில் குறைவில்லை. அந்த மூன்று மாதப் பாடத்தைத் திரும்ப எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே உண்மை.

மனம் தளர வேண்டியதில்லை. எமது பிள்ளைகள் இதைவிடக் கடினமான காலங்களைத் தாண்டியிருக்கின்றனர். மின்சாரம் இல்லாத 1990களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுச் செய்த விளக்கிலே படித்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது தலைச்சுமைகளுக்குள் பாடக் கொப்பிகளும் இருந்தன. 2009இல் செட்டிகுளத்து முகாம்களுக்குள்ளிருந்து உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவது ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படிக்கும் பிள்ளை, கணினி விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலேயே படித்து ஆங்கிலத்திலேயே பரீட்சை எழுத வேண்டும். விடை தெரிந்தும் எழுத முடியாமல் முதல் வருடத்தில் அழுத பிள்ளைகள் பலர். இதற்கு மேடைப் பேச்சு ஆங்கிலம் வேண்டியதில்லை. ஒன்பதாம் ஆண்டிலிருந்து கிழமைக்கு இரண்டு கணக்கையாவது ஆங்கில வினாத்தாளில் வாசித்துச் செய்து பழகினால் போதும். கணக்கு தெரிந்ததாக இருப்பதால் மொழி மெல்ல மெல்லப் பிடிபடும்.

மூன்றாவது, வீட்டார் கொடுக்கும் நேரம். நாற்று நடுகைக்கும் அரிவு வெட்டுக்கும் ஆள் வேண்டும் என்பது எமக்குத் தெரியும். ஆயினும் பரீட்சை வருடத்தில் பிள்ளையை வயலிலிருந்து விடுவிப்பது அந்த எட்டு இலட்சத்தை விடப் பெரிய உதவி.

உண்மையான வாசல்கள்

இந்நாட்டில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளை படிப்புக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மகாபொல போன்ற உதவித் தொகைகளும் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 2002இல் அமைந்த கணினிக் கல்லூரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் முதலிய இடங்களில் கணினி விஞ்ஞானம் படிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக 1997இல் தொடங்கிய வவுனியா, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கும் தகவல் தொழில்நுட்பம் சார்ந்த பட்டங்கள் உண்டு.

அனுமதி இசட் புள்ளியின்படி நடைபெறுகின்றது. பெரும்பாலான விஞ்ஞானக் கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதமானவை மாவட்டச் சனத்தொகைக்கும், 5 வீதமானவை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா என்பன அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்கும். இடம்பெயர்ந்து வேறு மாவட்டத்தில் படிக்கும் பிள்ளை எந்த மாவட்டத்தின் பேரில் விண்ணப்பிப்பது என்பது பெரிய கேள்வி. அதிலே ஒரு தவறு செய்தால் ஒரு வருட உழைப்பு வீணாகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் தமிழிலும் கைந்நூல் வெளியிடுகின்றது. செவிவழிச் செய்தியை நம்பாமல், அதிபரையோ பட்டதாரி ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை வரி வரியாக வாசியுங்கள். எந்தப் பாடங்களில் சித்தி வேண்டும் என்பதும் அதிலே இருக்கின்றது. உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் முன்னரே அதைப் பார்ப்பது நன்று.

வெட்டுப்புள்ளியில் ஓரிரு புள்ளிகளால் தவறிய பிள்ளைக்கும் வாசல் மூடப்படவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் ஒன்றை நடத்தி வருகின்றது. மூன்று வருடப் படிப்பு. முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடம் முடித்தால் பட்டம். இடையிலே நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒன்று மிஞ்சும். கட்டணம் உண்டு, ஆயினும் காணி ஈடு வைக்கும் அளவுக்கு அன்று. பகலில் வேலை செய்துகொண்டே படித்து முடித்தவர்கள் இருக்கின்றனர். ஆனால் தானாக இருந்து படிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு இது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

தனியார் நிறுவனங்கள் எல்லாம் ஏமாற்றுபவை என்று நாம் கூறவில்லை. நன்றாகப் படிப்பிக்கும் இடங்களும் உண்டு. ஆனால் போரில் எல்லாம் இழந்த பெற்றோர், பிள்ளையின் படிப்பு என்றதும் கேள்வி கேட்காமல் கையெழுத்து வைத்துவிடுகின்றனர். அந்த நம்பிக்கையை வைத்து வியாபாரம் செய்பவர்களும் இருக்கின்றனர். ஆகவே ஒரு சதமேனும் கட்டும் முன்னர் இவற்றைக் கேளுங்கள்.

பட்டத்தை வழங்குவது யார்? அந்த நிறுவனமா, வேறு பல்கலைக்கழகமா? அந்தப் பட்டம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதா? பதிலை எழுத்தில் வாங்கி, மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள்.

எல்லா வருடங்களுக்கும், பரீட்சைக் கட்டணம் உட்பட, மொத்தம் எவ்வளவு? நடுவில் நிறுத்தினால் கிடைப்பது என்ன?

முதல் வருடப் பாடங்கள் எவை? அங்கே கணிதம் இல்லையென்றால் அது கணினி விஞ்ஞானம்தானா என்று ஐயப்படுங்கள். எந்தத் தகுதியும் வேண்டாம், பணம் மட்டும் போதும் என்றால் அந்த ஐயம் இரட்டிப்பாகட்டும்.

அங்கே படித்து முடித்தவர்கள் இருவரை நேரே சந்தித்துப் பேச முடியுமா?

சான்றிதழ்ப் படிப்பைப் பட்டம் என்று எண்ணி ஏமாறவும் வேண்டாம். தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. ஐந்தும் ஆறும் டிப்ளோமா மட்டங்கள். ஏழாவதே பட்டத்துக்குச் சமம். காட்டப்படும் தாளில் எந்த மட்டம் எழுதப்பட்டிருக்கின்றது என்று பாருங்கள்.

எழும் ஆட்சேபங்கள்

"பெண்பிள்ளைக்கு ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கின்றனர். அமெரிக்காவில் 1940களில் எனியாக் என்னும் பெரிய கணினிக்கு முதன்முதல் செய்நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். போரின் பின்னர் எமது கிராமங்களில் எத்தனை வீடுகளைப் பெண்கள் தனித்து நின்று நடத்துகின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

"இப்போது இயந்திரமே செய்நிரல் எழுதுகின்றதாம், இனி இந்தப் படிப்பு எதற்கு?" என்று வேறு சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கேட்டதும் செய்நிரல் எழுதித் தரும் கருவிகள் பரவிவிட்டன. தொடக்க நிலை வேலைகள் சில அதனால் மாறிவருகின்றன. ஆனால் அவை எழுதித் தருவது எப்போதும் சரியாக இருப்பதில்லை. சரியா பிழையா என்று சொல்ல வல்லவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஆறு மாதப் பயிற்சி அந்தத் தெளிவைத் தராது. அடிப்படையோடு படித்த படிப்புத் தரும். ஆயினும் பட்டம் பெற்றதும் வேலை நிச்சயம் என்று எவராவது உறுதி தந்தால் நம்ப வேண்டாம். நாமும் அவ்வுறுதியைத் தரவில்லை. மழை நிச்சயம் என்று சொல்லி எவரும் எமக்கு விதைநெல் தந்ததில்லையே.

"படித்தவன் திரும்பி வருவானா? வயலை யார் செய்வது?" என்பது எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. சிலர் வரமாட்டார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் காணியை விற்றுப் படிக்க வைத்த பிள்ளைக்குத் திரும்பி வர ஓரிடமும் இராது. காணி கையில் இருந்தால், விடுமுறைக்கு வரும் பிள்ளை வரம்பிலே கால் வைப்பான். குளத்து நீர்மட்டம், நெல் விலை, பதிவேட்டுக் குளறுபடி எல்லாம் அவன் கண்ணில் படும். அவற்றுக்கு வழி தேடும் எண்ணமும் அப்போதுதான் வரும்.

நாம் கூடிச் செய்ய வேண்டியவை

பல்கலைக்கழகம் போகும் பிள்ளையின் முதல் வருடம் கடினமானது. மற்றவர்கள் வீட்டில் கணினியோடு வளர்ந்திருப்பர். எமது பிள்ளை அதை முதன்முதல் தனியாகத் தொடுவதே அங்கேயாக இருக்கலாம். முதலாவது செய்நிரற் பாடத்தில் தவறினால் வெட்கப்பட்டு வீடு திரும்பிவிடக்கூடாது. தவறிய பாடத்தைத் திரும்ப எழுதலாம் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு குடியிருப்பிலும் மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து ஒரு மாலைக் கணித வகுப்பை நடத்தலாம். விடுமுறையில் வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அங்கே இரண்டு மணி நேரம் படிப்பிக்கட்டும். இடப்பெயர்வில் தவறிய பாடம் எது என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டறிந்து, அங்கிருந்தே தொடங்கட்டும். சங்கப் பணத்தில் ஒரு மடிக்கணினி வாங்கி முறைவைத்துப் பாவிக்கலாம். தண்ணீருக்கு முறைவைக்கத் தெரிந்த எமக்கு இது பெரிய காரியமன்று.

அந்தத் தாய்க்கு நாம் அன்றே சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: அம்மா, காணியை ஈடு வைக்க வேண்டாம். தாலிக்கொடியும் கழுத்தில் இருக்கட்டும். மகனிடம் அவனுடைய கணிதப் பெறுபேற்றைக் கேளுங்கள். கைந்நூலை எடுத்துக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். இருந்து ஆறுதலாகப் பார்ப்போம்.